அரிசி டிரம்மில் நின்ற மாதா

அக்கா,

இன்று சாயங்காலம் மாதா எங்கள் வீட்டுக்கு வந்தாள். சொரூபத்தை மேசைமேல் வைத்து, வழியில் படிந்த தூசியை ஈரத்துணியால் துடைத்தேன். நீலப் போர்வையின் மடிப்பிலிருந்து கொஞ்சம் புழுங்கல் அரிசி என் கையில் உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன். ரேஷன் அரிசி வாசனை. அதற்கப்புறம் துடைக்கிற வேலை ஓடவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

செபமாலை மாதமான அக்டோபர் முழுக்க மாதா வீடு வீடாகப் போவாள். ஒரு வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் அடுத்த வீட்டுக்குக் கிளம்புவாள். ஆனால் நம் உத்திரமேரூர்ப் பங்கில் ரொம்ப காலம் ஏரிக்கரைக்கு மட்டும் அவள் வந்ததே இல்லை. கரையில் தார்ப்பாய்க் குடிசைகள். செங்கல் சூளை வேலைக்கு வந்த ஒடிசாக்காரர்கள், இருளர் குடும்பங்கள், உன்னைப் போல ஆந்திராப் பக்கமிருந்து பஸ் ஸ்டாண்ட் பெருக்க வந்தவர்கள். ஞாயிறு பூசைக்கு எல்லோரும் வருவீர்கள். மாதாதான் ஓட்டு வீடு, மாடி வீடு என்று பார்த்துவிட்டு மெயின் ரோட்டோடு திரும்பிவிடுவாள்.

பூசை முடிந்து ஒருநாள் நீ நேராக, ஃபாதருக்கு உதவியாகக் கோயில் வேலை பார்க்கிற உபதேசியார் முன்னால் போய் நின்றாய். "எங்க வூட்டுக்கு எப்ப வருவா மரியம்மா?"

அவர் கெட்டவர் இல்லை. அந்தச் சொரூபத்தைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறவர். "மழக்காலம்மா. நனைஞ்சா பெயிண்டு உரிஞ்சிடும். உன் கூர ஒழுவுதே" என்றார்.

"அவ புள்ள பெத்த மாட்டுக்கொட்டா மட்டும் ஒழுவாம இருந்துச்சா?"

பக்கத்தில் நின்ற ஃபாதர் சிரித்துவிட்டார். "அனுப்புங்க" என்றார். உபதேசியார் மட்டும் ஒரு வார்த்தை போட்டு வைத்தார்: "ஏதாச்சும் ஆச்சுன்னா கரைக்கு இதோட நிறுத்திடுவேன்." கரையிலிருந்த அத்தனை குடிசைக்கும் உன் ஒரு குடிசையே பரீட்சை ஆகிவிட்டது.

மாதா உன் குடிசையில் தங்கிய ராத்திரியென்று பார்த்து மழை கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் செபமாலை சொல்ல வந்தோம். குடிசைக்குள் கணுக்கால் தண்ணீர். மாதாவைக் காணோம். உபதேசியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னாம்மா பண்ண? மாதா எங்க?"

நீ மூலையில் செங்கல் அடுக்கின்மேல் இருந்த அரிசி டிரம்மின் மூடியைத் திறந்தாய். உள்ளே அரிசியில் புதைந்து மாதா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இடம் பண்ண அள்ளிப் போட்ட பாதி அரிசி, குண்டானில் மழைத்தண்ணீரில் ஊறிக் கிடந்தது.

"மாதாவ டிரம்முல போட்டா மூடுவ?"

"வூட்லயே நனையாத எடம் அது ஒண்ணுதான் அய்யா. நாங்க நனைஞ்சா காஞ்சிக்கினு போறோம்."

அவர் மாதாவைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டார். "இது சரிப்படாது, சரிப்படாது" என்று வழியெல்லாம் முணுமுணுப்பு. நீ நனைந்த புடவையோடு பின்னாலேயே வந்தாய். கரைக்கு இனிமேல் மாதா இல்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்த வீடு உபதேசியாருடையது. அவர் வீட்டம்மா மெழுகுவத்தியோடு வாசலில் காத்திருந்தார். துண்டைப் பிரித்து மாதாவை வாங்கினார். மடிப்பிலிருந்து அரிசி பொலபொலவென்று கொட்டியது. முந்தானையை ஏந்தி, மாதாவைச் சாய்த்து, ஒரு மணி அரிசிகூட விடாமல் பிடித்தார்.

"அரிசியோட வந்துக்கீறா. யார் வூட்டுக்கும் இப்டி வந்ததில்ல."

உள்ளே போய் அதைத் தன் அரிசிப் பானையில் சேர்த்தார். வெளியே வரும்போது கையில் ஒரு கூடை அரிசி. "இந்தாக்கா, எடுத்துக்கினு போ. மாதா எறங்கின டிரம்மு காலியா இருக்கக் கூடாது." உபதேசியார் வாயைத் திறந்தார். "நீங்க சும்மா இருங்க. நம்ம பீரோவுல வெச்சிருந்தாகூட இம்மாம் பத்திரமா இருந்திருக்க மாட்டா."

நீ கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உபதேசியாரையே கேட்டாய். "அப்ப வர்ற வருசமும் வருவாளா அய்யா?"

அவர் தலையைச் சொறிந்தார். "டிரம்ம நல்லா கழுவி வை" என்றார்.

அதன்பின் மாதா கரைக்கு வராத வருஷமே இல்லை. இப்போதெல்லாம் எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் மடிப்பில் கொஞ்சம் அரிசி வைத்துத்தான் அனுப்புகிறார்கள். வாங்குகிற வீடு அதைத் தன் பானையில் கலந்துகொண்டு, மாதாவை அனுப்பிய வீட்டுக்கு ஒரு கூடை அரிசி கொடுத்தனுப்புகிறது. போன மழைக்காலத்தில் உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தபோதும் இது நிற்கவில்லை. உன் குடிசையில் இப்போது இருக்கிற ஒடிசாக்காரப் பெண்தான் இன்று மாதாவை அனுப்பினாள். எங்கள் தெருவுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்தவள் என்னிடம் கேட்டாள்: "இது எந்த ஊர்ப் பழக்கம்கா?"

"ஏரிக்கரப் பழக்கம்" என்றேன்.

வீட்டுக்கு வருகிற உப்பு, புளியிலிருந்து கோயில் மெழுகுவத்தி வரைக்கும் கணக்கு எழுதுகிறவள் நான். மாதாவோடு வருகிற அரிசியை மட்டும் எழுதுவதில்லை. எங்கள் டிரம்மில் கொட்டிக் கையால் கலந்துவிட்டேன், அக்கா. இனி எது உங்கள் கரையின் மணி, எது எங்கள் தெருவின் மணி என்று எனக்கே பிரிக்கத் தெரியாது. நாளைக்கு அதைத்தான் உலையில் போடுவேன்.