தெற்கே திரும்பிய கலங்கள்

அலைகள் உள்ளளவும் அறம் பிழையாதிருக்க. வேலாழி நாட்டின் காவலர், முக்கலக் கொடியுடையார், கோமான் மாநாகரையர் விடுக்கும் ஓலை. வலம்புரித்துறை நகரத்தார்க்கும், பரதவர் தலைவர்க்கும், கலம் கட்டும் தச்சர்க்கும், கடலுக்கு மக்களை அனுப்பிய தாய்மார்க்கும் நலம் பெருகுக. உங்கள் உலையும் வலையும் வெறுமை காணாதிருக்க.

நாம் பளிங்குத்தீவுக்கு அனுப்பிய மூன்று கலங்களில் ஒன்றே திரும்பியதால், மற்ற இரண்டும் மூழ்கின என்றும், கலத்தலைவி கொற்றி வேற்றரசரிடம் விலைபோனாள் என்றும் உங்கள் தெருக்களில் பேச்சு உலவுவதை அறிந்தோம். திரும்பி வந்த கலத்தை ஓட்டிய மீகாமன் வேட்டனை அவையில் நிறுத்திக் கேட்டறிந்ததை இதனால் உரைக்கின்றோம்.

கொற்றி நம் திருமுகத்தையும் பரிசிலையும் தீவின் அரசியாரிடம் ஒப்புவித்து, அவர் நட்புறுதியைப் பெற்று, வாடைக்காற்று எழுந்ததும் வீட்டை நோக்கிப் பாய் விரித்தாள். எங்கும் தங்காது மேற்கே வருக என்பது நம் ஆணை. தை பிறந்தால் அவள் மகள் பூதிக்கு மணம். அதற்கெனத் தீவுச் சந்தையில் நெடுநேரம் பேரம் பேசி ஒரு பட்டுத்துகில் வாங்கி வைத்திருந்தாள்.

குடிநீர் கொள்ள மணல்திட்டு ஒன்றில் ஒதுங்கியபோது, வேற்றுமொழி மீனவர் சிலர் வலை இழுத்துக்கொண்டிருந்தனர். அவர்கள் பாடியது வலம்புரித்துறையின் இழுவைப் பாட்டு. சொற்கள் சிதைந்திருந்தாலும் மெட்டு அப்படியே இருந்தது. கொற்றி படகிலிருந்து குதித்து, இடுப்பளவு நீரில் அசையாமல் நின்று கேட்டாள். பிறகு கைச்சாடையாலும் அரைகுறைச் சொற்களாலும் வினவ, தெற்கே பவழப்பாறை சூழ்ந்த தீவில் வாழும் அயலார் கற்றுத்தந்தது என்றனர். பெருங்காற்று ஆண்டில் கலம் உடைந்து ஒதுங்கியவர்களாம். வேறு கலம் கட்ட அங்கே மரம் இல்லையாம். அந்தக் காற்றில் நாம் இழந்தது மகரமுகன் என்னும் கலம். அதில் சென்றோர்க்கு நீங்கள் நீர்க்கடன் ஆற்றி ஆண்டுகள் பல ஆயின.

தெற்கே போனால் வாடை கைநழுவும். வீடு திரும்ப அடுத்த வாடை வரை காத்திருக்க வேண்டும். பாறைகளோ அவள் அறியாதவை. எல்லாவற்றுக்கும் மேல், அது அரசாணையை மீறும் செயல். அந்திவரை கலத்தின் முகப்பில் தனியே நின்றவள், இறங்கி வந்து எல்லாரையும் மணலில் கூட்டினாள்.

"வீடு போகத்தான் எல்லாருக்கும் ஆசை, எனக்கும்தான். ஆணையை மீறுவது நான், நீங்கள் இல்லை. கேள்வி வந்தால் என் கழுத்து இருக்கிறது. போகிறவர்கள் வேட்டனோடு போங்கள், யாரும் ஒரு சொல் சொல்லமாட்டோம். நம் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, நான் எந்த முகத்தோடு என் வாசலில் போய் இறங்குவேன்?" என்றாள்.

நோயுற்றோரும் வேறு சிலரும் வேட்டனின் கலத்தில் ஏறினர். மற்றவர்கள் தண்ணீர்ச் சாடிகளைத் தூக்கித் தெற்கே போகும் கலங்களில் ஏற்றத் தொடங்கினர். வேட்டனும் உடன்வருவேன் என்று அடம்பிடித்தான். நோயாளிகளை ஒப்படைக்க வேறு கையை நம்பேன் என்று சொல்லி அவனை அனுப்பினாள். பட்டுத்துகிலை அவனிடம் நீட்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். அதை உடுத்தே பூதி மணமேடை ஏறினாள். தாயின் இடத்தில் நம் தேவியார் நின்றார்.

அவையில் அமைச்சர் சிலர், கொற்றியின் தலைமையைப் பறிக்க வேண்டும் என்றனர். அவள் கணவன், கலத்தச்சன் எயினனை அழைத்து, நீ என்ன சொல்கின்றாய் என வினவினோம். "கடலில் ஒரு தோணி மிச்சமிருந்தாலும் அவள் கரையேற மாட்டாள், அரசே. கட்டிக்கொண்ட நாளிலிருந்து எனக்கு இது பழகிவிட்டது" என்றான். அவை சிரித்தது, நாமும் சிரித்தோம். அதன்பின் தண்டனை பற்றி எவரும் வாய்திறக்கவில்லை.

வாடையின் கடைசி வீச்சில் வந்த வணிகர் சொன்ன செய்தி இது: கொற்றியின் கலங்கள் பவழத்தீவில் நங்கூரமிட்டு நிற்கின்றன. மகரமுகனின் மக்கள் உயிரோடு உள்ளனர், பிள்ளைகளும் பெற்றிருக்கின்றனர். எல்லாரையும் ஏற்றிவர அவ்விரு கலங்கள் போதா. இத்தகையோரைப் பெற்ற துறை நம் நாட்டில் உள்ளது என்பதே, நாம் வென்ற போர்கள் எல்லாவற்றினும் நமக்குப் பெருமை.

ஆகவே ஆணையிடுகின்றோம். கொற்றியின் மேல் குற்றம் இல்லை. மகரமுகனில் சென்றோர்க்கு நட்ட கற்களைப் பெயர்த்தெடுங்கள். எயினன் கட்டிவரும் பெருங்கலம், நம் பண்டாரத்து நெல்லோடும் மருந்தோடும், மேல்காற்று எழுந்த அன்றே புறப்படுக. எயினனும் அதில் செல்க. நம் மைந்தன் இளங்கோ நாகன் அக்கலத்தில் துடுப்பு வலிக்கும் ஆளாக ஏறுவான். தீவை அடைந்தது முதல் கொற்றியின் சொல்லே அவனுக்கு ஆணை. திரும்பு என்று அவள் சொல்லும்வரை, நாமே அழைப்பினும் அவன் திரும்பலாகாது.

இதனைத் துறைமுகப்பில் ஊரார் கேட்க உரக்கப் படியுங்கள். முக்கல முத்திரை இட்டோம்.