கம்பி மட்டும் உன்னுடையது

லிங்கராஜபுரம், பெங்களூர்
14 நவம்பர் 1958

இன்னாசிமுத்துவுக்கு உன் பெரியம்மா எழுதுவது.

எனக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று, போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து வந்த நீ, பூசை முடிந்து நின்றவர்களிடம் சொன்னாயாம். தப்பவில்லை. தப்பியிருந்தால் உனக்கு வசதியாக இருந்திருக்கும்.

கிறிஸ்துமஸ் பலகாரமான குல்குல்லுக்கு மாவை உருட்டும் வரிப்பலகையை முதன்முதலில் கண்டுபிடித்தவன் நீதான் என்று பேட்டன்ட் ஆபீசுக்குச் சத்தியம் எழுதிக் கொடுத்திருக்கிறாய். நம் தெருவில் குல்குல் செய்து விற்கும் பிரிஜெட் என் வாசலில் நின்று அழுதாள். "அக்கா, பேட்டன்ட் வந்ததும் என் பலகையக் கோர்ட்டுல சொல்லிப் பிடுங்கிடுவேன்னுட்டுப் போறான். டிசம்பர்ல வித்துத்தான்கா எம் பொண்ணுங்க வருஷம் பூரா படிக்குது."

வக்கீல் ராஜேந்திரன் மூலம் உன் மனுவின் நகலை வாங்கி மூன்று முறை படித்தேன். மூன்று உரிமைகள் கேட்டிருக்கிறாய்.

முதலாவது, பலகையில் வரிகள். சீப்பின் பல்லில் நான் மாவை அழுத்திச் சுருட்டச் சுருட்டச் சீப்பு உடைந்துகொண்டே இருந்ததால், கோலார் சுரங்கத் தச்சுப்பட்டறையில் உன் பெரியப்பா தேக்குத் துண்டில் வரி இழைத்தார். பின்பக்கம் 1934 என்று சூட்டுக்கோலால் எழுதியிருக்கிறது. வீட்டுக்குள் மட்டும் இருந்தால் போதாது, ஊரறியப் புழங்கியிருக்க வேண்டும் என்றார் வக்கீல். உன் பெரியப்பா நான்கு செய்தார், மூன்று கோயில் கிறிஸ்துமஸ் விற்பனையில் போயின. பிரிஜெட்டிடம் இருப்பது அவள் அம்மா அன்று வாங்கியது. என்னுடையதில் எட்டு வயதில் நீயே உருட்டினாய், பாதி மாவைப் பச்சையாகத் தின்றபடி.

இரண்டாவது, மேலேயும் ஒரு வரிப்பலகை. அது எங்களிடம் இல்லை. ஆனால் புதிதாக இருந்தால் மட்டும் போதாது, இன்னாசி; தொழில் தெரிந்த எவனுக்கும் கேட்டதும் தோன்றுவதாக இருக்கக் கூடாது என்கிறார் வக்கீல். மனுவில் நீ வரைந்த படத்தைக் காட்டாமல், இரண்டு பக்கமும் வரி விழ என்ன செய்யலாம் என்று தச்சர் கோவிந்தப்பாவைக் கேட்டேன். வெற்றிலையைக்கூடத் துப்பவில்லை. "இன்னொண்ண மேல வெச்சு அமுத்துங்கம்மா. இதுக்கு ஒரு கேள்வியா?" என்றார்.

மூன்றாவது, ஒட்டிய மாவை எடுக்கும் வளைந்த கம்பி. மாவு ஒட்டாமலிருக்க வழி கேட்டபோது கோவிந்தப்பா தலையைச் சொறிந்தார். பிறகு உன் படத்தைக் கொடுத்துச் செய்யச் சொன்னேன். நாற்பது உருட்டினேன், ஒன்றுகூட ஒட்டவில்லை. இருபத்து நான்கு வருஷம் நான் கத்திமுனையால் சுரண்டினேன், எனக்கு அது தோன்றவில்லை. கம்பி உன்னுடையது. என் சத்தியப் பத்திரத்தில் அதையும் எழுதச் சொன்னேன். "அதை நாம ஏம்மா சொல்லணும்?" என்றார் வக்கீல். கையெழுத்து என்னுடையது என்றேன்.

அந்தக் கம்பியைப் பார்த்திருந்தால் உன் பெரியப்பா தெருவெல்லாம் காட்டியிருப்பார். நான் அவரல்ல. ஆட்சேபணைக்கு டிசம்பர் இருபது கடைசி நாள். அதற்குள் நீ திருந்தாவிட்டால் அவருடைய பலகை சாட்சியாகக் கல்கத்தா பேட்டன்ட் ஆபீசுக்குப் போகும்.

முதல் இரண்டையும் எடுத்துவிடுகிறாயா, பிரிஜெட்டை விட்டுவிடுகிறாயா என்பதை யாரிடமும் சொல்லி அனுப்பாதே. டிசம்பர் பத்துக்குள் உன் கைப்பட எழுதிப் பதில் அனுப்பு.

தெரேசா சவரிநாதன்