பதில் வராத நானூறு புகார்கள்

என் செல்ல வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நல்ல சுகம், என் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும். தினம் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே அம்மா பிடுங்கிக்கொண்டு கதையை முடிப்பாள், அதில் நான் முழு அசடாக வருவேன். எழுத்தில் என்றால் முக்கால் அசடோடு தப்பிக்கலாம்.

கண் தெரியாத மாணவி ஒருத்திக்காக அம்மா இரண்டு வருஷமாகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறாள் அல்லவா, நேற்று அந்தப் பெண்ணுக்குக் கடைசிப் பரீட்சை. போன வியாழக்கிழமை, இன்னும் இரண்டு பாடம் பாக்கி இருக்கும்போது, கம்ப்யூட்டர் இடமில்லை என்று கையை விரித்துவிட்டது. அம்மா உன் சின்ன வயது வீடியோக்களை, நீ சைக்கிளோடு வேலியில் போய் விழுந்தது உட்பட, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கப் போய்விட்டாள். வேறு பிரதி கிடையாது. நான் பதறிப்போய்க் கையைப் பிடித்தால், பரீட்சை எழுதப்போற பொண்ணு பாவம்ங்க, நம்ம பொண்ணுதான் தினமும் பேசுறாளே என்கிறாள்.

ஆனால் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவன் நான், பதில் கிடைக்காத புகாரைக் கிழித்துப் போட என் கை வராது. அம்மாவின் பதிவு புரோகிராம் அடிக்கடி பொத்தென்று நின்றுபோகும், உடனே பிழை அறிக்கை என்று ஒரு பெரிய கோப்பு உருவாகும். என் கண்ணுக்கு அது அசல் புகார் மனு. பழையதைக் கம்ப்யூட்டர் தானே அழித்துவிடும் என்று தெரிந்ததும், ஒவ்வொன்றையும் நகல் எடுத்து, தேதி போட்டு, பதில் வரவேண்டியவை என்று தனி ஃபோல்டரில் சேர்த்துவந்தேன். இரண்டு வருஷத்தில் நானூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுக்காவது பதில் வந்ததா, ம்ஹூம். எங்கள் அலுவலகமே தேவலை.

அம்மாவிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன். மூன்றாவது தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற பெண்ணை வரவழைத்தோம். ஃபோல்டரைத் திறந்தவள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பத்து வருஷமா இந்த வேலை பாக்குறேன், இதைப் போய்ச் சேத்து வச்ச ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன் என்றாள். கம்ப்யூட்டரில் பாதி இடம் அதற்கே போயிருந்தது. புரோகிராம் செய்தவர்களுக்குப் போக வேண்டியது அப்போதே போயிருக்குமாம், இங்கே கிடப்பதை அழிக்கலாமாம், ஒவ்வொன்றுக்கும் யாரும் பதில் எழுத மாட்டார்களாம். மனசில்லாமல் சரி என்றேன். அழிக்கும் முன் அவள் தேதியையும் நேரத்தையும் ஒரு ஓட்டம் பார்த்துவிட்டு, எல்லாமே சாயங்காலம் ஆறிலிருந்து ஆறேகாலுக்குள்ள இருக்கே, அந்த நேரத்துல இந்த வீட்டுல என்னங்க நடக்கும் என்று கேட்டாள். நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீதான், வேறென்ன! நீ வாட்ஸ்அப்பில் கூப்பிட்டதும் கூடத்தில் இருக்கும் செல்ஃபோனை எடுக்க நாங்கள் அடித்துப் பிடித்து ஓடிவிடுகிறோம். அதே அழைப்பு கம்ப்யூட்டரிலும் வந்து, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே மைக்கைப் பிடுங்கி அதைக் கவிழ்த்திருக்கிறது. மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நானே பொத்தானை அழுத்தி அத்தனையையும் அழித்தேன். கம்ப்யூட்டரில் உன் அழைப்பு வராதபடி அந்தப் பெண் நிறுத்திவிட்டாள், இனி ஃபோன் மட்டும்தான் அடிக்கும். வெள்ளிக்கிழமையே இரண்டு பாடமும் முடிந்து, மாணவியின் கைக்குப் போய்விட்டது.

உன் வீடியோக்களை ஒரு பென் டிரைவில் போட்டு இத்துடன் அனுப்புகிறேன், பத்திரம். உன் கம்ப்யூட்டரிலும் இந்தக் குப்பை சேர்ந்திருக்கும், மாதம் ஒருமுறை பார்த்துக் கழித்துவிடு, அப்பாவைப் போல் கட்டிக் காக்காதே. மாப்பிள்ளையை நேரத்துக்குத் தூங்கச் சொல். இரண்டு பேரும் குறையில்லாமல், சிரிப்பும் பேச்சுமாக நீண்ட காலம் இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். இதைப் படித்துவிட்டுக் கூப்பிடும் நேரத்தை மாற்றிவிடாதே. நேற்று அந்த மாணவி பரீட்சை நன்றாக எழுதினேன் என்று சொல்லக் கூப்பிட்டாள். கூடவே அம்மாவிடம் ஒன்று கேட்டாளாம். ஒவ்வொரு பாடமும் நடுவுல நின்னுபோயிட்டு மறுபடி ஆரம்பிக்குது, ஆரம்பிக்கும்போது உங்க குரல் சிரிச்சிட்டே வருது, அந்த இடத்துக்காகவே நான் காத்திருப்பேன், அப்ப என்னம்மா நடக்கும் என்று.

இப்படிக்கு,
புகார்ப் பிரிவை இழுத்து மூடிவிட்ட உன் அப்பா