குடும்ப வரலாறு: இல்லை

3 மார்ச் 2025, திங்கள்

உறுதியானது: தம்பி தேவனின் இரைப்பைக் கட்டியில் ஹெர்-2 குறியீடு இல்லை. ஆதாரம்: நோயியல் அறிக்கை, டாக்டர் தினேஸ்வரி இன்று காலை எங்கள் முன்னால் படித்துக் காட்டியது. அது இருந்திருந்தால் அதையே குறிவைக்கும் ஊசி ஒன்று உண்டாம். இன்னொரு குறியீடும் சாதகமாக இல்லை. ஆகவே வழக்கமான கீமோ மட்டும். நோய் வயிற்றுச் சவ்வுக்குப் பரவிவிட்டது.

"எவ்ளோ நாளு டாக்டர்?" என்று தேவன் கேட்டான். இந்த நிலையில் பாதிப் பேர் ஓராண்டைத் தாண்டுவதில்லை, நீங்கள் எந்தப் பாதி என்று எனக்குத் தெரியாது என்றார். நாற்பது வருடம் செய்தி எழுதியவள் சொல்கிறேன், நல்ல பதில். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டவில்லை.

அவனுக்கு ஐம்பத்திரண்டு. புந்தோங் திரும்பினோம். வீட்டு வாசலில், "இறங்குக்கா, வெயிலு" என்றான்.

5 மார்ச், புதன்

டாக்டர் தொலைபேசியில் அழைத்தார். தேவனுக்கு வந்திருப்பது செல்கள் சிதறிப் பரவும் வகை. சில குடும்பங்களில் இது வழிவழியாக வரும்; சிடிஎச்1 என்ற மரபணுவில் பழுது இருந்தால். இந்த வயதில் ஒருவருக்கு மட்டும் வந்தால் அந்தச் சோதனை செய்வதில்லை. குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருந்தால் செய்தே ஆக வேண்டும். அவனுக்கு இருந்தால் அவன் மகள் பிரமிளாவுக்கு இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளுக்கு இருபத்தாறு.

"ஃபாரத்தில 'குடும்ப வரலாறு: இல்லை'ன்னு போட்டிருக்கீங்க. நிச்சயமா?"

அது என் கையெழுத்து.

அம்மா கருப்பம்மாள் 1981இல் எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டில் இறந்தாள். நாற்பத்தொரு வயது. உண்டதெல்லாம் வாந்தி, கடைசியில் கஞ்சியும் இறங்கவில்லை. நோயின் பெயரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொன்னது வேறு: பக்கத்து வீட்டு இருளாயி, அப்பாவின் தம்பி மனைவி, சோற்றில் மருந்து வைத்துவிட்டாள். பூசாரி ஒருவர் வந்து அம்மாவின் வயிற்றில் குழாய் வைத்து உறிஞ்சிக் கறுப்பு உருண்டை ஒன்றைத் துப்பிக் காட்டினார். எட்டு வயது தேவன் அருகில் நின்று பார்த்தான். அன்றிலிருந்து இருளாயி வீட்டில் நாங்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

நான் அதை நம்பவில்லை. ஆனால் அதன் இடத்தில் வைக்க என்னிடம் வேறு தகவலும் இல்லை. ஆதாரம் இல்லாததை எழுதுவதில்லை என்ற பழக்கத்தில் 'இல்லை' என்று போட்டுவிட்டேன். 'தெரியவில்லை' என்று போட்டிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல என்று எத்தனை இளம் நிருபர்களுக்குத் திருத்தியிருப்பேன்.

6 மார்ச்

தேவன்: "அம்மாவுக்கு கேன்சர் இல்லக்கா. நான் கண்ணால பாத்தேன்."

9 மார்ச், ஞாயிறு

சிலிம் ரிவர் ஊருக்குப் போனேன். எஸ்டேட்டை முதலாளிகள் விற்ற பிறகு இருளாயி மகனோடு அங்கே மலிவு விலை வீட்டில் இருக்கிறார். எழுபத்தாறு வயது. கண் மட்டும் மங்கல்.

"யாரு, மங்களமா? நாப்பத்து நாலு வருசமாச்சு. என்னா, நான் வெச்ச மருந்து என்னா மருந்துன்னு கேக்க வந்தியா?"

ஆமாம், ஏறக்குறைய அதற்குத்தான் என்றேன். சிரித்தார். உள்ளே போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். என் கை ஒரு கணம் நின்றது. படித்தவள், நம்பாதவள் – இருந்தும் நின்றது. அவர் அதைப் பார்த்தார்.

"குடி லா. சீனி கொஞ்சமாத்தான் போட்டிருக்கு."

குடித்தேன்.

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே குறித்துக்கொண்டேன். "உங்கம்மாவ பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் உங்கப்பனும்தான் கொண்டு போனோம். வயித்துல கட்டி, முத்திப்போச்சுன்னான் டாக்டரு. உங்கப்பன் வெளிய சொல்லாதன்னுட்டாரு. பொம்பளப்புள்ள இருக்கு, நோவு உள்ள குடும்பம்னு தெரிஞ்சா யாரு கட்டுவான்னு. அப்புறம் பூசாரி வந்தான். கஞ்சி ஊட்டுனது நான்தானே? பேரு எனக்கு வந்துச்சு."

அப்பா மறுத்துப் பேசவில்லையா என்று கேட்டேன்.

"அவருக்கு அது தோதாப் போச்சு. நோவுன்னு யாரும் பேசல இல்ல." பிறகு, "உங்கம்மா கூடப்பொறந்த பெரியம்மாவும் அப்படித்தான் செத்தா, முப்பத்தெட்டு வயசுல, தஞ்சோங் மாலிம் பக்கம். அவளுக்கு யாரு மருந்து வெச்சா? நான் அங்க போனதே இல்ல லா."

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதை அவர் சொல்லிக்காட்டவில்லை.

14 மார்ச், வெள்ளி

ஒருவர் வாய்மொழி மட்டும் போதாது. பதிவு இலாகாவில் அம்மாவின் இறப்புப் பதிவுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். இன்று நகல் கைக்கு வந்தது. மரணக் காரணம் மலாயில்: பாரா பெருட். வயிற்றுப் புற்று. நாற்பத்து நான்கு ஆண்டுகளாக அது அங்கேயே இருந்திருக்கிறது. ஊரார் பதிவுகளையெல்லாம் தேடி எழுதியவள் சொந்தத் தாயுடையதைக் கேட்டதில்லை. ஏன்? கேட்டால் அப்பாவைக் கேள்வி கேட்டதாகும் என்றா?

தேவனிடம் காட்டினேன்.

"அப்ப அந்த உருண்டை?"

"பூசாரி வாயிலேயே வெச்சிருந்திருப்பார்."

"மொதல்லயேவா?"

"தெரியாது. நான் பாக்கல. இது என் ஊகம்."

17 மார்ச், திங்கள்

ஃபாரத்தைத் திருத்திக் கொடுத்தேன். தேவனின் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர ஏழெட்டு வாரம்.

2 ஏப்ரல்

இரண்டாவது கீமோ. வாந்தி. எடை ஐம்பத்தொன்று.

5 மே, திங்கள்

உறுதி: தேவனுக்கு சிடிஎச்1 பழுது இருக்கிறது. ஆதாரம்: ஆய்வுக்கூட அறிக்கை. தாய்வழியில் வந்ததற்கே வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். அம்மாவின் திசு கிடையாது, அதனால் அதற்கு மேல் யாரும் சொல்ல முடியாது. அவனுடைய சிகிச்சையை இது மாற்றாது. அவனுடைய காலத்தையும்.

அவனுக்கு அது முதலில் புரியவில்லை. புரிந்ததும், "அப்ப இது எனக்கில்ல. புள்ளைக்கு" என்றான்.

8 மே, வியாழன்

பிரமிளாவும் நானும் ரத்தம் கொடுத்தோம். அவளுக்கு இருந்தால், நோய் வருமுன்பே முழு இரைப்பையையும் எடுத்துவிடுவதுதான் வழக்கமான பரிந்துரை. மார்பிலும் புற்று வரக்கூடும், அதையும் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். டாக்டர் அவசரப்படாமல் விளக்கினார். பிரமிளா கேட்டாள்:

"வயிறு இல்லாம ரொட்டி சானாய் சாப்பிடலாமா டாக்டர்?"

"சாப்பிடலாம். கொஞ்சம் கொஞ்சமா, நல்லா மென்னு."

"கறி ஊத்தி?"

"ஊத்தி."

காரில் ஏறியதும் அழுதாள். நான் இஞ்சினைப் போடாமல் காத்திருந்தேன். "அப்பாகிட்ட சொல்லாதீங்க அத்தை, அழுதேன்னு."

இதை எழுதலாம். சொல்ல மாட்டேன்.

19 மே

தேவன் கேட்டான்: "அவங்க இன்னும் சிலிம்லதான் இருக்காங்களா?" பெயர் சொல்லவில்லை. இருக்கிறார் என்றேன்.

"நான் அந்தூட்டு வாசல்ல காறித் துப்பிருக்கேன்கா. பெரியாளா ஆன பொறவும்."

25 மே, ஞாயிறு

பிரமிளா காலையில் போய் இருளாயியை அழைத்து வந்தாள். கிழவி வாசற்படி ஏறும்போது யார் கையையும் பிடிக்கவில்லை. தூக்குச்சட்டியைத் தானே சுமந்து வந்தார். அரிசிக் கஞ்சி, குழையக் காய்ச்சியது.

தேவன் எழுந்து உட்கார முயன்றான். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். அவனால் முடியவில்லை. அவர் அதை எதிர்பார்க்கவுமில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து கரண்டியை நீட்டினார். வாயைத் திறந்தான். மூன்று கரண்டி இறங்கியது. நான்கு நாளில் அதுதான் அதிகம்.

"உப்புக் கம்மி சின்னம்மா" என்றான்.

"மருந்துல உப்புப் போட மாட்டாங்க லா."

அவன் சிரித்து, இருமி, மறுபடி வாயைத் திறந்தான். பிரமிளா எழுந்து அடுப்படிக்குப் போனாள். உப்பு எடுக்க என்று நினைக்கிறேன்; திரும்பி வரக் கொஞ்சம் நேரமானது.

நிலுவையில்: பிரமிளாவின் சோதனை முடிவு, என்னுடையது. இரண்டும் ஜூன் 12, வியாழன், காலை பத்து மணிக்கு. தேவன் தானும் வருவேன் என்கிறான்.