ஷாம்பு வாங்கிய பையன்கள்

பூந்தமல்லியிலிருந்து வரும் பேருந்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு புதினா மிட்டாயைப் பிரித்தாள். மணம் மூக்கில் ஏறியதும் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவள் மிரண்டுபோய் எனக்கும் ஒன்று நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உன்னை நினைத்துச் சிரித்ததற்கு மிட்டாய் கிடைத்த கதையை உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது?

என் மகன் கௌதம் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவன் கால்சட்டையைத் துவைக்கப் போடும்போது பையிலிருந்து அது விழுந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டலம். முகர்ந்தால் புதினா. பையன் வாய் மணக்க எதையோ வைத்திருக்கிறான், காதல் விவகாரம்தான் என்று பயந்துபோய் உனக்குப் போன் செய்தேன். நசரத்பேட்டைக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகியும் எனக்கு இருந்த ஒரே தோழி நீதான். உன் தீனாவும் அவனும் ஒரே வகுப்பு. எங்கள் ஃபிளாட் நிற்பதே உன் மாமனார் விற்ற நிலத்தில் என்பதால், பார்த்த முதல் நாளே உரிமையோடு என்னை ‘ஃபிளாட்டம்மா’ ஆக்கினாய். நான் ‘அக்கா’ என்றதற்கு, “மூணு மாசம்தான் பெரியவ நானு. அக்கான்னு கூப்புட்டு கெழவி ஆக்காத” என்று அதட்டினாய்.

நீ வந்தாய், பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். “தீனா பையிலயும் இது கீது. ஒதட்டுக்குள்ள வெச்சிக்கிற மிட்டாயாம்” என்றாய். நான் தடுப்பதற்குள் உதட்டுக்குள் வைத்துக்கொண்டாய்.

ஐந்து நிமிடத்தில் முகம் வெளுத்தது. மாடிப்படியில் உட்கார்ந்து கைப்பிடியைக் கட்டிக்கொண்டாய்.

“ஏய், கட்டடம் ஆடுதுடி.”

“கட்டடம் ஆடலை. நீதான் ஆடுற.”

“இல்ல, பில்டரு உங்கள ஏமாத்திட்டான்.”

அப்புறம் அசோசியேஷன் வைத்த குரோட்டன்ஸ் தொட்டியில் வாந்தி எடுத்தாய். முகம் கழுவிக்கொண்டு வந்தபோது உன் குரல் மாறியிருந்தது. “இது பொகையிலடி. எங்க மாமனாரு போட்டுக்கினு இருந்த அதே பொகையில. மேல புதினாவ தெளிச்சி புள்ளைங்களுக்கு வித்துக்கினு கீறானுங்க.” நீ அழுது அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

பிறகு நாம் செய்ததெல்லாம் கோமாளித்தனம். நீ துடைப்பத்தோடு தீனாவை நெடுஞ்சாலை வரைக்கும் துரத்தினாய். நான் கௌதமின் போனைப் பிடுங்கி அரிசி டப்பாவில் புதைத்தேன். அம்பத்தூரில் ஐடி கம்பெனிக்குப் போகும் என் கணவர் நாற்பத்திரண்டு ஸ்லைடு தயாரித்தார். ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் ஹாலில் கூட்டம் போட்டோம். சமோசா உண்டு என்று சொன்னதால் ஃபிளாட் பிள்ளைகளும் உங்கள் தெருப் பிள்ளைகளுமாகப் பதினோரு பேர் வந்தார்கள். ஒன்பதாவது ஸ்லைடில் கௌதமே கையைத் தூக்கினான். “அப்பா, அது நுரையீரல் இல்ல, கல்லீரல்.” என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதோடு கூட்டம் கைவிட்டுப் போனது.

அப்போதுதான் நீ எழுந்து போய்த் திரைக்கு முன்னால் நின்றாய். பொட்டலத்தை வாயில் வைத்ததையும், கட்டடம் ஆடியதையும், குரோட்டன்ஸ் தொட்டியையும் ஒன்றுவிடாமல் நடித்துக் காட்டினாய். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கேட்டாய். “ஸ்கூல் வுட்டு வந்து, ராத்திரி சோறு துண்ற வரிக்கும் எங்க கீறீங்க? இன்னா பண்றீங்க?”

உங்கள் தெரு ஷாலினி எழுந்தாள். “ஒண்ணும் பண்ணல ஆன்ட்டி. கிரவுண்டுல காரு நிக்குது. ஃபிளாட்டுல ஆடக்கூடாதுன்னு போர்டு கீது. பொட்டிக்கட வாசல்தான் மிச்சம்.”

‘ஆடக்கூடாது’ பலகைக்குக் கையெழுத்துப் போட்ட கமிட்டியில் நானும் ஒருத்தி. நான் சமோசாத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மாலை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியோடு பெட்டிக்கடை வாசலுக்கு என்னை இழுத்துப் போனாய். மடியில் முறம், முறம் நிறைய மொச்சை. கடைக்கு வரும் பையன்களிடமெல்லாம், “வா நைனா, இன்னா வோணும்?” என்று கடைக்காரருக்கு முன்னால் நீ கேட்பாய். வந்தவன் உன்னைப் பார்ப்பான், எச்சில் விழுங்குவான், “ஒரு... ஒரு ஷாம்பு ஆன்ட்டி” என்பான். அந்த வாரம் நம் தெருப் பையன்களின் தலைமுடி பளபளவென்று இருந்தது. எதற்கு இத்தனை ஷாம்பு என்று அம்மாக்கள் குழம்பினார்கள்.

மூன்றாம் நாள் கடைக்காரர், “யக்கா, நான் அதெல்லாம் விக்கறதே இல்ல யக்கா” என்றார்.

“நீ விக்கறன்னு நான் சொல்லவே இல்லியே அண்ணாத்தே. காத்தாட குந்திக்கினு கீறேன்.”

ஒன்பதாம் நாள் அவர் பலகைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து வந்து, நம் கண்ணெதிரே சாக்கடையில் கொட்டினார். “சாமி சத்தியமா இனிமே எடுக்கமாட்டேன். எழுந்து போங்க யக்கா.”

“இரு, இன்னும் கால் கிலோ கீது. உரிச்சிட்டுப் போறேன்” என்றாய்.

அடுத்த தெருவில் வேறொரு கடையில் அதே பொட்டலம் கிடைத்தது. எல்லாக் கடை வாசலிலும் போய் உட்கார நம்மால் முடியாது என்பது உனக்கும் தெரியும். அதனால்தான் உன் மாட்டுக்கொட்டகையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாய். இடம் உங்களுடையது, என்ன செய்வதென்று நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றாய். நான் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி கேட்பார்கள் என்று நினைத்தேன். என் கணவர் கம்ப்யூட்டர் என்றார். ஓட்டெடுப்பில் சமையல் ஜெயித்தது. அந்த வயதில் எந்நேரமும் பசி.

முதல் சனிக்கிழமை செய்த எலுமிச்சைச் சாதத்தைக் கரண்டியால் எடுக்க முடியவில்லை, ஊற்றத்தான் முடிந்தது. கொட்டகையைக் காலி செய்ய மறுத்த உன் பசுவுக்கு வைத்தோம். அது முகர்ந்து பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. ஆனாலும் பிள்ளைகள் மறுநாளும் வந்தார்கள். மெல்ல மெல்ல எனக்கு ஒன்று புரிந்தது. கையில் வேலை இருக்கும்போது அவர்கள் நம் முகத்தைப் பார்க்காமல் எதையும் சொல்லிவிடுகிறார்கள். வெங்காயம் நறுக்குகிறவன் அழுதால் யாரும் காரணம் கேட்பதில்லை.

அப்படித்தான் ஒரு நாள் தீனா, வெங்காயத்தைப் பார்த்தபடியே, “ம்மா, நான் திரும்ப ஒதட்டுல வெச்சிக்க ஆரம்பிச்சிட்டேன்” என்றான். பதினோரு கத்தியும் நின்றன. உன் கையில் கரண்டி இருந்தது.

“எத்தினி நாளா?” என்றாய்.

“நாலு நாளா.”

“நாளிக்கும் வெச்சிக்குவியா?”

“தெர்லம்மா.”

“செரி. நாளிக்கி ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயி டாக்டராண்ட கேப்போம். இப்ப வெங்காயத்த பொடிசா நறுக்கு.”

அவ்வளவுதான். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய், பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, கண்ணில் கொசு விழுந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தாய். இரண்டு கண்ணிலுமா என்று நான் கேட்கவில்லை. அவன் முழுதாக விட எட்டு மாதம் ஆனது. நடுவில் இரண்டு முறை சறுக்கினான். இரண்டு முறையும் அவனேதான் வந்து சொன்னான்.

நீ போனது ஒரு காலைப்பொழுதில், மாரடைப்பில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே. பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு ஆள் வைக்க வேண்டாம் என்று தீனா அடம்பிடித்தான். பதினோரு பேரும் சேர்ந்து இருநூறு பேருக்குச் சமைத்தார்கள். வத்தக்குழம்பில் உப்பே இல்லை. பந்தியில் எல்லோரும் இலையைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டார்கள். உன் கொழுந்தனார்தான் பொறுக்கமாட்டாமல், “டேய், உப்பு இன்னா ஊருக்குப் போயிருக்கா?” என்றார். தீனா தலையில் கை வைத்தான். முதலில் ஷாலினி சிரித்தாள், அப்புறம் தீனா, அப்புறம் பந்தியே சிரித்தது. நீ போன பிறகு உன் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

இப்போது தீனா வேலப்பன்சாவடிப் பக்கம் கேட்டரிங் படிக்கிறான். கொட்டகையில் புதிதாக ஏழு பிள்ளைகள் வருகிறார்கள். கௌதம் கல்லூரியில் முதல் வருடம். போன வாரம் சமையலறைக்கு வந்து, பிரிட்ஜில் சாய்ந்து நின்றான். “ம்மா, ஒண்ணு சொல்லணும். கத்தாதே” என்றான்.

சிநேகிதன் அறையில் யாரோ மாத்திரை கொடுத்தார்களாம். கையில் வாங்கிக் கால் மணி நேரம் வைத்திருந்தானாம். பிறகு மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டானாம். இதைச் சொல்லி முடிக்க அவனுக்கு அரை மணி நேரம் ஆனது. யார் அவன், எந்த அறை, போனை எடு, அப்பாவைக் கூப்பிடு என்று என் நாக்கின் நுனியில் பத்து வாக்கியங்கள் முட்டிக்கொண்டு நின்றன. உன்னால் அன்று எப்படிக் கத்தாமல் இருக்க முடிந்தது என்று நான் கேட்டபோது நீ சொன்னது ஞாபகம் வந்தது. “அவன் வாயத் தொறக்கசொல்லோ நானும் தொறந்தா, அப்பால அவன் தொறக்கவே மாட்டான்டி.” நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

பேசி முடித்தவன் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். அருகில் வந்து நெற்றியில் கை வைத்தான்.

“என்னம்மா, உடம்பு சரியில்லையா?”

நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தேன், தாடை மட்டும் இன்றுவரை வலிக்கிறது.