பூட்டு உள்ள கத்தி

14-5-1989, ஞாயிறு

முருகேசனின் கட்டைவிரலில் ஐந்து தையல். மில்லில் அறுந்த நூலை முறுக்கி ஒட்டும் விரல் அது. இனி எத்தனை நாள் லீவோ தெரியவில்லை.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிக் கடையில் இரண்டு மடக்குக் கத்திகள்தான் இருந்தன. ஒன்றில் கத்தரி, ரம்பம், டப்பா திறக்கும் கொக்கி, சின்ன லென்ஸ்கூட இருந்தது. மற்றதில் வெறும் அலகும் கொக்கியும். ஆனால் விரித்த அலகு தானாக மடங்காதபடி ஒரு பூட்டு உண்டு. அது டக்கென்று விழுந்த சத்தத்திலேயே எனக்கு ஆசை வந்துவிட்டது.

"ஏலே, நீ ஃபிட்டரு. எனக்கு எது தோதுன்னு நீயே பாத்து எடு" என்றான் முருகேசன்.

"உனக்கு இதுதாம்ல. அம்புட்டுச் சாமானும் இருக்கு" என்று முதல் கத்தியை அவனிடம் கொடுத்தேன். பூட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இன்று பிளவக்கல் அணைக்குப் போனோம். தேங்காய்ச் சில்லை நெம்பியபோது அவன் கத்தி மடங்கி விரலில் இறங்கியது. நான் வாங்கிக்கொண்ட பூட்டுக் கத்தி என் பையிலேயே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைத் தேற்றியவன் அவன்தான். "கத்தி நல்ல கத்திதாம்ல. எனக்குத்தான் பிடிக்கத் தெரியல."

கிளம்பும்போது அதை என் சட்டைப் பையில் போட்டான். "வீட்டுல பிள்ளைக எடுத்துரும். நீயே வச்சுக்க. நீ சூதானமான ஆளு."

இப்போது இரண்டு கத்தியும் என்னிடம் இருக்கின்றன.