கடைக்குள் இருமினால் கேட்காது

ஆகஸ்ட் 12

நான்காவது ஊசி இன்று ஏறியது. மார்பை எடுத்த பிறகும் விடாமல் ஈரலுக்குப் போன கட்டிகள் பாதியாகச் சுருங்கிவிட்டனவாம். முன்பு ஏற்றிய மருந்துகளுக்கெல்லாம் அசையாதவை. இந்தப் புது மருந்து கேன்சர் அணுவைத் தேடிப்போய் அதற்குள் விஷத்தை இறக்குமாம். டாக்டர் ஸ்வப்னா சிரித்ததை இன்றுதான் பார்த்தேன். போகும்போது தன் மலையாளத் தமிழில் மறுபடியும் சொன்னார்: "சிலருக்கு நுரையீரலப் புண்ணாக்கும். இருமல் வந்தா அன்னைக்கே விளிக்கணும். அது மருந்தால வந்ததுன்னா பின்னே இந்த மருந்து தரமாட்டோம்."

கடைசி வாக்கியம்தான் காதிலேயே நிற்கிறது.

ஆகஸ்ட் 20

கடையில் இருமினேன். சாலை பஜாரில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்கிற வீட்டில் இருமாதவர் யார்? மூட்டையைப் பிரித்தால் எதிர்க்கடைக்காரரும் இருமுவார். என் வீட்டுக்காரரும் இருமினார். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 26

சளி இல்லை, வறட்டு இருமல். குண்டூர் மிளகாய் லோடு வந்த வாரம், நெடி கூடுதல். அதுதான். அதுவேதான்.

வீட்டில் இருமல் வந்தால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு இருமுகிறேன். நெடி என்றால் எதற்கு ஒளிக்கிறேன்?

செப்டம்பர் 2

ஐந்தாவது ஊசி. "சேச்சி, இருமல், மூச்சுமுட்டல் ஏதாவது உண்டோ? ஒளிக்காம சொல்லணும், கேட்டோ" என்றாள் நர்ஸ் சபீனா. இல்லை என்றேன். ஆக்சிஜன் பார்க்க விரலில் கிளிப்பை மாட்டியபோது நம்பரைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். சரியாக இருக்கிறது என்றாள்.

சொன்னா நிறுத்திருவாங்க. நிறுத்தினா ஈரல்ல இருக்கது மறுபடி வளரும். அப்புறம் என்னத்தச் செய்ய — யாரு எனக்கு என்னத்தத் தருவா?

செப்டம்பர் 5

திருவோணம். கடை பூட்டு. சேலை கட்டி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது.

செப்டம்பர் 7

சாப்பிடும்போது அடக்க முடியவில்லை. இவர் தட்டைத் தள்ளிவைத்தார். "கடை பூட்டி மூணு நாளாச்சு. இங்க ஏது மொளகா நெடி?"

"நிறுத்திருவாங்க" என்றேன்.

உப்புக் குறைந்தாலே தெருவுக்குக் கேட்கக் கத்துகிற மனிதர். இன்று கத்தவில்லை. "எந்தி, போவோம்" என்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். ஆட்டோவில் என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். சாவதைவிட இந்த மனிதரைத் தனியாக விட்டுப்போகத்தான் எனக்குப் பயம்.

செப்டம்பர் 9

ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. மருந்தால் வந்ததுதான். அட்மிட் செய்து ஆக்சிஜனும் ஸ்டீராய்டும் கொடுக்கிறார்கள். டாக்டர் திட்டவில்லை. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் கையை மீறியிருக்கும் என்று இவரிடம் சொன்னாராம். "அளவக் குறைச்சுத் தரலாமா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார்.

செப்டம்பர் 14

கழிப்பறை வரை நானே நடந்தேன்.

செப்டம்பர் 23

இன்று ஆறாவது ஊசி போட வேண்டிய நாள். வீட்டில் இருக்கிறேன். ஸ்டீராய்டில் முகம் வீங்கிக் கிடக்கிறது, மூச்சு மட்டும் தாராளமாக வருகிறது. வேறு மருந்து உண்டாம். எது என்பது அடுத்த ஸ்கேனுக்குப் பிறகுதான். அதுவரை ஈரலுக்குள் என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

கடைக்குக் கிளம்பும்போது இவர் வாசலில் நின்று கேட்டார். "இருமல் உண்டா?"

"இல்ல. பயமாத்தான் இருக்கு."

"எனக்கும்தான்" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். கடையை மத்தியானத்துக்கு மேல்தான் போய்த் திறந்தார்.